வெயிலில் நின்ற இரத்தம்

போன மாதம் உங்களுடைய புதிய ஆய்வுகூடத்தைப் பார்க்க வந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மிஸ், உங்கட கையால பிழையான ரிப்போட் ஏதும் போயிருக்கா?" நான் "ஓம்" என்றேன். அதற்குள் என்னை ஏற்றிப்போக வாகனம் வந்துவிட்டது. பெரியவர்கள் தன்னடக்கத்துக்காக அப்படிச் சொல்வது உண்டு என்று நீங்கள் நினைத்திருக்கக்கூடும். அது தன்னடக்கம் இல்லை. போனது ஒரு ரிப்போட்தான். அதை முழுவதுமாக எழுதிவிடுகிறேன். வாசித்த பிறகு நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு வேலையில் ஏழு வருடம் முடிந்திருந்தது. தலைநகரின் கொட்டாஞ்சேனையில் வீடு, நகரத்தின் நடுவே ஆய்வுகூடம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பல் டொக்டர் ஒருவர் வைத்திருந்த சிகிச்சை நிலையத்தோடு சேர்ந்து நாங்கள் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். பல் ஈறு, எங்கள் பேச்சில் முரசு, அழுகிப் பற்கள் ஆடத் தொடங்கும் நோயைப் பற்றியது அது. முதியவர்களுக்கு வருவது அல்ல, இளவயதினருக்கு வருவது. பதினைந்து பதினாறு வயதில், வாயைத் திறந்து பார்த்தால் அழுக்கு அதிகம் இராது. ஆனால் முன்பற்களையும் முதல் கடைவாய்ப் பற்களையும் தாங்கும் எலும்பு கரைந்து போயிருக்கும்.

ஏன் என்பதற்கு அப்போது ஒரு விளக்கம் பேசப்பட்டது. உங்களுக்கு இது பால பாடம். என்றாலும் கதைக்குத் தேவையான அளவு சொல்லிவிடுகிறேன். முரசுக்கு அடியில் பக்டீரியா புகுந்ததும் முதலில் அங்கே ஓடிப் போவது வெண்குருதிக் கலங்கள். அவற்றுக்கு யாரும் வழி காட்டுவதில்லை. கலத்தின் மேற்பரப்பில் சில ஏற்பிகள் இருக்கின்றன. நாங்கள் படித்த புத்தகத்தில் அவற்றை வாங்கிகள் என்று எழுதியிருந்தார்கள். பக்டீரியா தன் புரதத்தைக் கட்டத் தொடங்கும்போது முதலில் வைக்கும் துண்டு எங்கள் கலங்கள் வைப்பதுபோல இராது. அந்த வித்தியாசத்தை இந்த ஏற்பிகள் பிடித்துக்கொள்ளும். முன்பின் அந்தக் கிருமியைச் சந்தித்திருக்க வேண்டியதில்லை. பிறக்கும்போதே கொண்டுவந்த அறிவு அது. பிடித்ததும் கலம் அந்தத் திசையில் நகரும். சிலருக்கு இந்த ஏற்பிகள் குறைவு. அவர்களுடைய கலங்கள் உயிரோடுதான் இருக்கும், எண்ணிக்கையிலும் குறை இராது. ஆனால் எந்தப் பக்கம் போவதென்று அவற்றுக்குச் சரியாகப் பிடிபடாது. பக்டீரியா அங்கேயே தங்கிவிடும்.

வேறு வகை ஏற்பிகள் இன்னும் பல இருப்பதெல்லாம் பின்னால் வந்த வருடங்களில் தெரிந்தது. எங்களிடம் அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு எளிய சோதனை. மெல்லிய சல்லடைத் தாளுக்கு மேலே நோயாளியின் கலங்கள், கீழே பக்டீரியாத் துண்டு. எத்தனை கலங்கள் தாளைக் கடந்து கீழே வருகின்றன என்று நுணுக்குக்காட்டியில் எண்ண வேண்டும். இதில் ஒரு சிக்கல். இரத்தத்திலிருந்து எடுத்த கலங்கள் சில மணித்தியாலம்தான் ஒழுங்காக நகரும். ஐஸிலும் வைக்கக்கூடாது, சூட்டிலும் வைக்கக்கூடாது. வெள்ளவத்தையில் எடுத்த இரத்தம் இரண்டு மணித்தியாலத்துக்குள் எங்கள் மேசைக்கு வந்தாக வேண்டும். கொண்டு வருபவள் நான்.

சுகந்தினிக்கு அப்போது பதினேழு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து தாயோடு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தாள். தகப்பன் வெளிநாட்டில்; விசாவுக்காகக் காத்திருந்தார்கள். அவளுடைய கீழ் முன்பற்கள் நாக்குத் தட்டினாலே அசைந்தன. எட்டுப் பற்களைச் சுற்றி எலும்பு போயிருந்தது. எங்களிடம் வருமுன் மூன்று பல் டொக்டர்கள் பார்த்திருந்தார்கள். மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: பிள்ளை பல்லு ஒழுங்காகத் தீட்டுவதில்லை. தாய் அதை நம்பினார். அந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு நாலு தரம் தீட்டிக்கொண்டிருந்தது. பிரஷின் நார்கள் இரண்டு பக்கமும் விரிந்து போயிருந்ததைத் தாயே எனக்குக் காட்டினார், குற்றச்சாட்டுக்கு ஆதாரம் காட்டுவதுபோல. "பாருங்கோ மிஸ், மாசத்துக்கொரு பிரஷ் முடிக்கிறாள். என்னத்தைத்தான் தீட்டுறாளோ."

டொக்டர் இரண்டு மனமாக இருந்தார். பற்களைக் காப்பாற்ற முயலலாம், மாதக்கணக்காகும். விசா எப்போது வருமென்று தெரியாது. எப்படியும் விழப்போகிற பற்கள் என்றால் இங்கேயே எடுத்துப் பொய்ப்பல் கட்டிக்கொண்டு போவது நல்லது என்று தாய் நினைத்தார். டொக்டர் என்னிடம் சொன்னார்: "பிலோமினா மிஸ், உங்கட ரிசல்ட் வரட்டும். கலங்கள் ஓரளவுக்கு வேலை செய்யுதெண்டா நான் முயற்சி செய்து பாப்பன். ஒண்டுமே அசையேல்லையெண்டா, வைச்சிருந்து பிரயோசனமில்லை."

அந்தச் சோதனை முடிவு எதற்குப் பயன்படப் போகிறது என்று முன்கூட்டியே எனக்குத் தெரிந்திருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

இரத்தம் எடுக்கும் நாள் காலையில் இன்னொருவரின் இரத்தமும் எடுத்து, இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. நோயில்லாத ஒருவர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. வழக்கமாக அது நிலையத்தில் வரவேற்பில் இருந்த பாத்திமா. மாளிகாவத்தைப் பெண், என் வயதுதான். அன்றைக்கு மாளிகாவத்தையில் விடியற்காலையிலிருந்து இராணுவம் வீடு வீடாகச் சோதனை நடத்தியதால் அவளால் வர முடியவில்லை. நான் சுகந்தினியின் குழாயை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒப்பிடுவதற்கு ஆய்வுகூடத்தில் யாரிடமாவது எடுக்கலாம் என்று நினைத்தேன். அது முதலாவது தவறு. இரண்டாவது, ஆய்வுகூடக் கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். வழியில் மறித்தால் காட்டுவதற்காகத் தலைவர் கையொப்பமிட்டுத் தந்த கடிதம் அது.

பிஸ்கட் தகரத்துக்குள் பஞ்சு வைத்து, பஞ்சுக்குள் குழாயை வைத்து, மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்தேன். காலி வீதிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். யாரோ பெரிய ஆள் போகப் போகிறார்; வீதி மூடப்பட்டிருந்தது. ஓட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் தகரத்தைத் தொட்டுக் கேட்டான்: "மேகே மொனவாத?"

இதற்குள் என்ன என்று கேட்கிறான். "லே," என்றேன். இரத்தம்.

அவன் ஓர் எட்டுப் பின்னால் போனான். பிறகு தகரத்தைத் தானே வாங்கித் திறந்து பார்த்தான். யாருடைய இரத்தம், ஏன் கொண்டுபோகிறாய், கடிதம் எங்கே. கடிதம் இல்லை. மேலதிகாரி வரும்வரை இரு என்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த நீள மர வாங்கில் என்னையும் இருத்தினான். தகரத்தை மணல் மூட்டைகளின் மேல் வைத்தான். மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டான். வெயில் நேராக அதற்குள் விழுந்தது.

வாங்குக்கும் தகரத்துக்கும் இடையே பத்தடி தூரம் இருக்கும். அதை நிழலில் வையுங்கள் என்று சொல்ல ஒரு வசனம் போதும். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், பள்ளிக்கூடத்திலிருந்து பேசுகிற பாஷை. ஆனால் அந்த வாங்கில் இருந்த ஆறேழு பேரும் தமிழ்ப் பெண்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்பார்கள் என்ற பயம் எல்லோருக்கும். நானும் இருந்தேன். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். மேலதிகாரி வந்தார், ஆய்வுகூடத்துக்கு ரெலிபோன் எடுத்து என் பெயரை மட்டும் உறுதிசெய்துகொண்டார், என்னை விட்டார். அந்த அழைப்பை எடுத்தவர் காவலாளி. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. இதுவும் முக்கியம்.

ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் தலைவர் கூட்டம் ஒன்றில் இருந்தார். அவர் ஒரு சிங்களப் பெண்மணி. நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். குழாய் கைக்குச் சூடாக இருந்தது. அப்போதே கொட்டிவிட்டு, நாளைக்கு மறுபடி எடுக்கிறோம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் கலங்களைப் பிரித்தேன். சக ஊழியர் ஒருவரிடம் புதிதாக இரத்தம் எடுத்து ஒப்பீட்டுக்கு வைத்தேன். பின்னேரம் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது சக ஊழியரின் கலங்கள் நூற்றுக்கணக்கில் தாளைக் கடந்திருந்தன. சுகந்தினியின் கலங்கள் ஏறத்தாழ ஒன்றும் வரவில்லை.

மேடத்துக்கு ஒரு பழக்கம். முடிவைப் பார்க்குமுன் இரத்தம் எப்படி வந்தது என்று கேட்பார். அன்றைக்கும் கேட்டார். "வர எவ்வளவு நேரம் எடுத்தது?"

"வழமைபோலத்தான் மேடம்."

அப்படிச் சொல்லப்போகிறேன் என்று நான் திட்டமிட்டிருக்கவில்லை. கடிதத்தை மறந்துவிட்டுப் போனதற்காக முந்தின கிழமைதான் ஏச்சு வாங்கியிருந்தேன். இது இரண்டாம் முறை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. பல மாதமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த விடை இது. ஏற்பிக் குறைபாடு புத்தகத்தில் எப்படி எழுதியிருந்ததோ, அப்படியே எங்கள் மேசையில் கிடந்தது. அறையில் எல்லோர் முகமும் மலர்ந்திருந்தது. வெயிலைப் பற்றிப் பேச அப்போது எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வேண்டாத முடிவு வந்தால் நீங்கள் எப்படியும் இரண்டாம் முறை செய்து பார்ப்பீர்கள். அதற்குப் புத்திமதி தேவையில்லை. வேண்டிய முடிவு வருகிற நாளில்தான் கவனம் தேவை.

ரிப்போட் போனது. கலங்கள் பக்டீரியாத் துண்டை நோக்கி நகரவில்லை, பிறப்பிலேயே உள்ள ஏற்பிக் குறைபாடாக இருக்கலாம் என்று. டொக்டர் அதைப் படித்துக் காட்டியபோது தாய் அழுதாராம். பாத்திமா பிறகு எனக்குச் சொன்னாள். பிள்ளையின் தலையைத் தடவி, "சும்மா சும்மா உன்னை ஏசிப்போட்டன்" என்றாராம். பதினேழு வயதில் முதல் முறையாக அந்தப் பிள்ளை குற்றமற்றவள் ஆனாள், அதுவும் என் பொய்யின் மேல். இதைக் கேட்டு எனக்கு ஒருவித ஆறுதல் கிடைத்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

மூன்று கிழமை போனது. ஒரு நாள் காலை அடுத்த நோயாளியிடம் இரத்தம் எடுக்கும் நாளை நிச்சயிக்க நிலையத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். பாத்திமா எடுத்தாள்.

"மிஸ், இன்டைக்கிக் கதைக்க நேரமில்ல. அந்த யாழ்ப்பாணத்துப் புள்ளக்கி இன்டைக்கி. எட்டுப் பல்லும் எடுக்கப் போறாங்க."

"இன்றைக்கா?"

"ஓ. ஊசி போட்டாச்சி. விறைக்கிற மட்டும் இருக்கிறாங்க. கீழ்ப் பல்லுலருந்து தொடங்குவாங்களாம். நான் பொறகு எடுக்கட்டா?"

நான் "சரி" என்றேன். ரிசீவரை வைத்தேன்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சோதனைச் சாவடி, வெயில், கடிதம் எல்லாவற்றுக்கும் யுத்தத்தைக் காரணம் சொல்லலாம். நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். ரிசீவரை வைத்ததற்கு யுத்தம் காரணமில்லை. "நிப்பாட்டச் சொல்லு" என்று அந்த அழைப்பிலேயே சொல்லியிருக்கலாம். பாத்திமா எழுந்து கதவைத் தட்டியிருப்பாள். அவ்வளவுதான் வேலை.

நான் என் மேசைக்குப் போனேன். பதிவுப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். என் கையெழுத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒருவேளை அந்தக் கலங்கள் உண்மையிலேயே நகராதவையாக இருக்கலாம், அப்படியானால் பாதகமில்லை என்று யோசித்தேன். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், என்ன சொல்வது என்று யோசித்தேன். முதலில் மேடத்திடம் சொல்ல வேண்டும், அவருடைய கையொப்பத்தில் போன ரிப்போட், அவரைக் கேட்காமல் நான் எப்படி நிறுத்துவது என்றும் யோசித்தேன். இது பார்வைக்கு ஒழுங்குபோல இருக்கும். உண்மையில் ஒளிந்துகொள்ள ஓர் இடம். மேடத்தின் அறையில் யாரோ இருந்தார்கள். நான் வெளியே நின்றேன். அவர்கள் எழுந்து வரும்வரை நின்றேன்.

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மணல் மூட்டை, ஒன்றரை மணித்தியாலம், சூடான குழாய், நான் சொன்ன பொய். இன்றைக்கு, இப்போது, பல் எடுக்கப் போகிறார்கள் என்பதைக் கடைசியில்தான் சொன்னேன்.

மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரெலிபோனை என் பக்கம் தள்ளினார். "இதை ஏன் எனக்குச் சொல்கிறாய்? அங்கே சொல்," என்றார் சிங்களத்தில்.

என் விரல்கள் இலக்கங்களைப் பிழையாகச் சுழற்றின. இரண்டாம் தரம் சுழற்றினேன். நிப்பாட்டச் சொன்னதும் பாத்திமா ஓடினாள், அவளுடைய செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பி வந்து மூச்சு வாங்கினாள்.

"நிப்பாட்டிட்டாங்க மிஸ். ரெண்டு எடுத்தாச்சி."

முதல் அழைப்புக்கும் இதற்கும் இடையே பதினைந்து நிமிடம்.

அன்றைக்கு மத்தியானமே நான் வெள்ளவத்தைக்குப் போனேன். மேடமும் வருவதாகச் சொன்னார், நான் தனியாகப் போகிறேன் என்றேன். சுகந்தினி பஞ்சைக் கடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். கீழ் நடுப்பற்கள் இரண்டும் இல்லை. தாய் எழுந்து எனக்கு இடம் தந்தார், நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் நின்றபடியே சொன்னேன். இரத்தம் வழியில் மறிபட்டது, வெயிலில் நின்றது, அதை நான் எழுதவில்லை, அதனால் ரிப்போட்டை நம்ப முடியாது.

தாய் பிள்ளையின் வாயைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப... பிள்ளை ஒழுங்காத் தீட்டாததாலதானோ?"

ஏச்சுக்குத் தயாராகப் போனவளுக்கு அந்தக் கேள்வி பொறுக்க முடியாமல் இருந்தது. "இல்லை அம்மா. அதால இல்லை. பிள்ளையில பிழையில்லை," என்றேன். அதற்கு அப்போது என்னிடம் ஆதாரம் இல்லை. இருந்தும் சொன்னேன்.

"அப்ப இந்த ரெண்டையும் சும்மாவோ பிடுங்கினது?"

டொக்டர் குறுக்கிட்டார். "அந்த ரெண்டும் எப்பிடியும் நிண்டிருக்காது அம்மா. தொட உடனையே வந்திட்டுது." அவர் உண்மையைச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

பதினைந்து நிமிடத்தைப் பற்றி நான் அங்கே வாய் திறக்கவில்லை. வழியில் நடந்ததை மட்டும் சொன்னேன். கேட்டவர்கள் ரெலிபோன் எடுத்ததற்கு எனக்கு நன்றி சொன்னார்கள்.

இரண்டு கிழமை கழித்துப் புண் ஆறிய பிறகு மறுபடி இரத்தம் எடுத்தோம். இம்முறை மூன்று குழாய்: சுகந்தினி, பாத்திமா, நான். நோன்பு காலம் அது. பாத்திமா கையை நீட்டியபடி, "நோன்போட ரத்தம் குடுக்கலாமாண்டு வாப்பாட்டக் கேட்டுட்டுத்தான் வந்த. தலை கிருகிருத்தா நீங்கதான் புடிக்கணும்" என்றாள். மூன்றும் ஒரே தகரத்தில், ஒரே பஞ்சில். மேடம் குழாய்களில் பெயர் எழுத வேண்டாம், வெறும் எழுத்துகள் போதும், எது யாருடையது என்று தாளில் எழுதி ஒட்டி வை, எண்ணி முடியும்வரை பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

அதே வீதி, மறித்தது வேறொரு சிப்பாய். கடிதத்தைப் பார்த்தான், என்னை வாங்கில் இருக்கச் சொன்னான், தகரத்தைத் திறந்தான், மணல் மூட்டையின் மேல் வைக்கப் போனான். நான் எழுந்து நின்று, தம்பி என்று கூப்பிட்டு, சிங்களத்தில் சொன்னேன்: "மல்லி, இது நோயாளிப் பிள்ளையின் இரத்தம். வெயில் பட்டால் கெட்டுப்போகும். நிழலில் வையுங்கள். என்னை எவ்வளவு நேரமும் வைத்திருங்கள்."

அவன் தகரத்தைக் கொண்டுபோய்த் தன் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில், கூரைக்குக் கீழே வைத்தான். என்ன நோய் என்று கேட்டான். பல் என்றேன். உடனே உதட்டை விரலால் இழுத்துத் தன் கீழ் முரசைக் காட்டினான். சிவந்து வீங்கியிருந்தது. காலையில் துப்பும்போது இரத்தம் வருகிறது, இதுவும் அந்த நோயா என்று கேட்டான். இருபது வயது இருக்காது. கேட்கும்போது அவனுக்கு உண்மையாகவே பயம். இது வேறு, முரசோரத்தில் பிரஷ் படும்படி தீட்டு, முகாமில் பல் டொக்டரைப் பார் என்றேன். தலையாட்டினான். பத்து நிமிடத்தில் என்னை அனுப்பிவிட்டான்.

முன்பு மறித்தவனும் இவனைப் போன்றவனாகத்தான் இருந்திருப்பான். நான் அவனிடம் கேட்டிருக்கவில்லை.

எண்ணியது வேறு இரண்டு பேர், தனித்தனியாக. பிறகு மேடம் ஒட்டிய தாளைப் பிரித்தார். பாத்திமாவின் கலங்களும் என்னுடையவையும் ஏறக்குறைய ஒரே அளவு. சுகந்தினியின் கலங்கள் வந்திருந்தன, எங்களுடையவற்றில் பாதியளவு. மூன்று கிழமை இடைவெளியில் இன்னும் ஒரு தரம் செய்தோம். அதே விடை.

ஆகவே அவளுக்குக் குறை இருந்தது உண்மை. ஒன்றுமே நகராத கலங்கள் என்பதுதான் பொய். பாதி நகர்கிற கலங்களை வைத்துக்கொண்டு ஒரு வாயைக் காப்பாற்ற முடியும், அவை சமாளிக்க வேண்டிய பக்டீரியாவின் அளவைக் குறைத்தால். டொக்டர் மற்ற ஆறு பற்களையும் வைத்துக்கொண்டார். விறைப்பூசி போட்டு முரசுக்கு அடியில் வேர்வரை சுரண்டித் துப்புரவாக்கினார், மருந்து கொடுத்தார், மாதம் தவறாமல் வரச் சொன்னார். தாய் ஒவ்வொரு முறையும் கூட வந்தார். பிரஷைப் பற்றி அதற்குப் பிறகு ஒன்றும் சொன்னதில்லை. எட்டு மாதத்தில் விசா வந்தது, போய்விட்டார்கள்.

மேடம் என்னை வேலையிலிருந்து அனுப்பவில்லை. முதல் ரிப்போட்டைத் திரும்பப் பெறும் கடிதத்தில் 'பிழை எங்களுடையது' என்று எழுதினார். என் பெயர் அதில் இல்லை. பெயரைப் போடச் சொன்னேன். "கையொப்பம் என்னுடையது," என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு ஒரு வருடத்துக்கு, இரத்தம் எப்படி வந்தது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. நான் கொண்டுவரும் குழாயைத் தானே எடுத்து, புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத் தருவார். ஒரு நாள் மறுபடி கேட்டார். நான் நிமிடக் கணக்கோடு பதில் சொன்னேன்.

நீங்கள் நிரப்பும் படிவத்தில் 'புறப்பட்ட நேரம்', 'வந்த நேரம்', 'வழியில்' என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றனவே, அவை அந்த வருடம் சேர்த்தவை. மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள், பார்த்தேன். வீதிகள் இப்போது திறந்திருக்கின்றன, எழுத ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் யோசித்த பிறகு கோடு போடுங்கள். தவறு நடந்தது தெரிந்தால் முதலில் யாருக்கு அதனால் கேடு வரப்போகிறதோ அவருக்குச் சொல்லுங்கள். மேலதிகாரிக்குப் பிறகு சொல்லலாம். நான் இந்த வரிசையை மாற்றினேன்.

நாலைந்து வருடம் கழித்துச் சுகந்தினியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, நிலையத்தின் விலாசத்துக்கு. பாத்திமா கொண்டுவந்து தந்தாள். அங்கே அவள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். புதிய பல் டொக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ஆறு பற்களும் உறுதியாக நிற்கின்றன, கீழே இரண்டு மட்டும் ஏன் எடுத்தார்கள் என்று கேட்டாராம். 'எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள் மிஸ்.'

நான் எழுதினேன். அன்றைக்குத் தாயின் முன்னால் சொல்லாததையும் எழுதினேன். முதல் அழைப்பில் பாத்திமா சொன்னது, விறைக்கும்வரை காத்திருந்தார்கள் என்பது, நான் "சரி" என்று சொல்லி ரிசீவரை வைத்தது, அறைக்கு வெளியே நின்றது. அந்த இரண்டு பற்களும் நின்றிருக்குமா என்பது எனக்குத் தெரியாது என்றும், தெரியாது என்பது எனக்குச் சாதகமான பதில் இல்லை என்றும் எழுதினேன். தபாலில் போட்ட பிறகு பல மாதம் ஒன்றும் வரவில்லை. வராது என்று முடிவுசெய்திருந்தேன்.

பிறகு ஒரு தபாலட்டை வந்தது. மூன்றே வரி. கடிதம் கிடைத்தது. நான் வாசித்தேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.